பழவேற்காட்டில் பெண் பார்த்தது

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று, ஊருக்கே தெரிய வீட்டுக்கு வந்து பார்ப்பது: கேசரி, பஜ்ஜி, பட்டுப்புடவை, பக்கத்து வீட்டு ஜன்னலில் நாலு கண்கள். இன்னொன்று, எதேச்சையாகப் பார்ப்பது. இரண்டு குடும்பங்களும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே கோயில் குளத்தங்கரைக்குத் தற்செயலாக வந்து சேரும். ஒருவரை ஒருவர் தெரியாது. தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவும் கூடாது. பெண் குளத்தைப் பார்ப்பாள், பையன் கோபுரத்தைப் பார்ப்பான், இரண்டு அம்மாக்களும் பையனையும் பெண்ணையும் பார்ப்பார்கள். பிறகு அவரவர் வழியில் போய்விடுவார்கள். பிடித்ததா இல்லையா என்பது தரகர் மூலம் வந்து சேரும். பிடிக்கவில்லை என்றால் யாரும் எங்கும் வரவில்லை, எதுவும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் அழப்போகிறார்கள்? மானத்தைக் காப்பாற்ற மனிதன் கண்டுபிடித்த ஏற்பாடுகளில் இதைவிட நாசூக்கானது எனக்குத் தெரிந்து இல்லை.

என் அக்கா மகளுக்கு முதல் வகை அலுத்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறாள். மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்புவதுதான் வேலை. நாளெல்லாம் ஆயிரம் இரும்பை ஏற்பதும் நிராகரிப்பதுமாய் இருக்கிறவள், ஞாயிற்றுக்கிழமையானால் தட்டோடு வந்து குனிந்து நிற்கவேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அதுகூடப் பரவாயில்லை என்பாள். அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கேள்வி: கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாமா? அதைக் கேட்க வாயெடுத்தாலே கூடத்தில் இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்பார்கள். அப்புறம் என்றால் எப்போதும் இல்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும் அது.

குளத்தங்கரையும் சலித்துப்போனது. கடைசித் தடவை போனபோது அங்கே பூ விற்கிற அம்மா அக்காவைப் பார்த்து, "இன்னாம்மா, இன்னிக்கி எந்த ஊரு மாப்ள?" என்று கேட்டிருக்கிறாள். அதோடு அந்த இடத்தின் எதேச்சை தீர்ந்துபோனது.

அப்போதுதான் தரகர் ஒரு யோசனை சொன்னார். வாட்ஸாப்பில் வந்திருந்த விளம்பரம். கடலோரப் பழமையான இடிபாடுகளுக்கு ஒரு நாள் சுற்றுலா, விளக்கம் சொல்ல ஆள், மதியச் சாப்பாடு, ஏசி வேன். "காலம் மாறிப்போச்சு சார். இப்போ எல்லாம் பாரம்பரியம்தான். ரெண்டு குடும்பமும் அதுல ஏறிக்கோங்க. முழுசா ஒரு நாளு பாத்துக்கலாம். யாரு கேட்டாலும் இடிபாட்டப் பாக்க வந்தோம்" என்றார்.

அக்கா பஞ்சாங்கத்தை விரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். போவது கிழக்கே, தொந்தரவில்லை. திரும்புவது மேற்கே, அதற்கு வெல்லக்கட்டி ஒன்று கைப்பையில். ராகு காலத்துக்கு முன்னால் பழவேற்காட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று வேன்காரரிடம் போனில் சத்தியம் வாங்கினாள். திதி, நட்சத்திரம், ஓரை எல்லாம் பார்த்தாயிற்று. அந்த இடிபாடுகள் என்னென்ன என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. விளம்பரத்தில் ‘டச்சுக்காரர்களின் நினைவுச் சின்னங்கள்’ என்று போட்டிருந்தது. சிலை கிலை இருக்கும், பூங்கா இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

மணவாள நகரில் வேன் ஏறியபோது விடிந்து முடிந்திருக்கவில்லை. தொப்பியும் அரைக்கால் சட்டையும் பெரிய கேமராவுமாய் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் அக்கா அரக்குப் பட்டில், மல்லிகைப்பூவோடு ஏறினாள். அடுத்த நிறுத்தத்தில் இன்னொரு அம்மா மயில்கழுத்துப் பச்சைப் பட்டில், அதே அளவு மல்லிகையோடு ஏறினார். பின்னால், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் அவருடைய மகன். திருவள்ளூரை அடுத்த ஒரு கிராமத்தில் நஞ்சை நிலம் உள்ள குடும்பம். அப்பா இல்லை. பையன் விவசாயத்தோடு நெல் அறுவடை இயந்திரமும் வாடகைக்கு விடுகிறான். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் தெரியாது. வேனில் பட்டுக் கட்டியவர்கள் இரண்டே பேர், அந்த இரண்டு பேர் மட்டும் ஒருவர் கண்ணில் ஒருவர் படவே இல்லை.

அக்கா மகள் சாதாரணச் சுடிதாரில் வந்திருந்தாள். அதற்கே முந்தின நாள் ஒரு யுத்தம் நடந்தது.

கைடு நல்ல மனிதர். நாற்பது வயதிருக்கும், இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி, கையில் மைக். வரலாற்றின் மேல் அவருக்கு உண்மையான காதல். வரலாறு அவரைத் திரும்பக் காதலித்ததாகத் தெரியவில்லை. பெரியபாளையம் தாண்டியதும் எழுந்து நின்றார்.

"எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி ஆயிடணும். ஒவ்வொருத்தரும் உங்களுக்கு வரலாறுன்னா ஏன் பிடிக்கும்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

மைக் முதலில் அக்காவிடம் வந்தது. "எங்க ஊட்ல எல்லாருக்குமே ஹிஸ்டரின்னா உசுரு சார்" என்றாள். பிறகு மூச்சு விடாமல், "எங்க பொண்ணு எம்.எஸ்ஸி. கை வேல எல்லாம் தெரியும். மீன் கொழம்பு வெச்சா தெருவே மணக்கும்" என்றாள்.

கைடு ஒரு நொடி யோசித்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

பச்சைப் பட்டு அம்மா மைக்கை வாங்கினார். "எனக்கு சின்ன வயசுலருந்தே பழைய கல்லுன்னா ஒரு இது. எங்களுக்கு மூணு போகம் வெளையற நெலம். மோட்டார் ரெண்டு. ஊடு சொந்த ஊடு. பையனுக்கு எந்தப் பழக்கமும் கெடையாது."

வரலாற்று ஆர்வலர்கள் நிறைந்த வேன் என்று கைடு நெகிழ்ந்துவிட்டார். என்னிடம் மைக் வந்தபோது, கல்லும் காலமும் என்று ஏதோ உளறினேன். கவிதை எழுதுகிற பழக்கத்தால் இம்மாதிரி நேரங்களில் பொய் சொல்வது எனக்கு எளிது.

புதுவாயலில் நாஷ்டாவுக்கு நிறுத்தினார்கள். நெடுஞ்சாலை லாரிகள் பூமியை அதிரவைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ஷிஃப்ட் முடித்த ஆட்கள் தூக்கக் கண்களோடு பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மகள் அவர்களில் யாரையோ பார்த்துத் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பைப் பச்சைப் பட்டு அம்மா இட்லித் தட்டுக்கு மேலாகப் பார்த்து, மனதுக்குள் எங்கோ குறித்துக்கொண்டார்.

பழவேற்காட்டில் முதலில் கோட்டை. இறங்கி நடந்தோம். ஒரு பெரிய சீமைக்கருவேலப் புதரின் முன் கைடு நின்றார்.

"இதுதான் கோட்டை."

பணி ஓய்வு பெற்ற ஒருவர் கேமராவை இறக்கிவிட்டு, "எது சார்?" என்றார்.

"உள்ள இருக்கு சார். கற்பனை பண்ணிக்கணும்."

கற்பனை பண்ணிக்கொண்டோம். முள்ளுக்குள் பீரங்கி, முள்ளுக்குள் கிடங்கு, முள்ளுக்குள் துணி மூட்டைகளும் மிளகும் எழுந்தன. ஒரு ஆடு மட்டும் எந்தக் கற்பனையும் இல்லாமல் கோட்டைக்குள் நுழைந்து வெளியே வந்தது. தெற்கே பார்த்தால் அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் மங்கலாய்த் தெரிந்தன. கைடு அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் இடியாததால் அவருடைய துறையில் வராது போலும். நான்தான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த வெள்ளைக்காரனும் இவ்வளவு உயரமாய்க் கட்டிவிட்டுப் போகவில்லை. அவை விழுகிற காலத்தில் யார் வந்து, யாரிடம் கற்பனை பண்ணிக்கச் சொல்வார்கள்?

இதற்குள் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. முழு நாளும் பார்த்துக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னது சரிதான். ஆனால் பேச முடியாது. பெண்ணும் பையனும் பத்தடி நெருங்கினால் இரண்டு அம்மாக்களும் நடுவில் வந்து நின்று கல்லை ஆராய்ந்தார்கள். அந்நியர்களாயிற்றே, எப்படிப் பேசவிடுவது? அக்கா மகள் என் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "மாமா, இதுக்கு அந்தக் கேசரியே தேவலாம். அங்கயாவது மூஞ்சிக்கு நேரா நின்னேன்" என்றாள். அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை. இந்த நாளும் அப்படியே முடிந்துபோய், நாளை தரகர் நாள் குறித்துவிடுவார் என்கிற பயம்.

அடுத்தது நினைவுச் சின்னம். ஊருக்குள் நடந்து, ஒரு மதில் சுவரோரம் திரும்பி, ஒரு வாசலின் முன் போய் நின்றோம். வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள். நல்ல வேலைப்பாடு. விலா எலும்பை எண்ணலாம்.

"இதான் டச்சுக் கல்லறை. உள்ள வாங்க" என்றார் கைடு, கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்கிற முகத்தோடு.

அக்காவின் கால் நின்றது. அந்தப் பக்கம் பச்சைப் பட்டும் நின்றது. அக்கா கைப்பையில் கைவிட்டாள். உள்ளே இருந்தது சூலத்துக்கான வெல்லக்கட்டி ஒன்றுதான். பிறகு போனில் நேரம் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. ஞாயிற்றுக்கிழமை, நடு மத்தியானம், எமகண்டம்.

"சுடுகாடா?" என்றாள் என்னிடம், உதடு அசையாமல்.

"இடுகாடு" என்றேன்.

அவள் பார்த்த பார்வையில் நான் அங்கேயே அடக்கம் ஆகியிருக்க வேண்டும்.

நல்ல காரியம் பேசப் போகிற வழியில் பிணம் எதிரே வந்தாலே திரும்பிவிடுகிற ஜனங்கள் நாங்கள். நாங்கள் பிணத்தைத் தேடி, ஏசி வேன் பிடித்து, நாஷ்டா சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம். இரண்டு பட்டுப்புடவைகளும் வாசலுக்கு வெளியே, ஆளுக்கொரு வேப்பமர நிழலில் ஒதுங்கின. கைடு கூப்பிட்டுப் பார்த்தார். "எங்களுக்கு முட்டி வலி சார்" என்றாள் அக்கா. "எனக்கும் அதேதான்" என்றது அடுத்த நிழல். முன்பின் தெரியாத இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வியாதி.

அக்கா மகள் வாசலைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு எலும்புக்கூடுகளுக்கு நடுவே விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். பையன் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, டச்சு வரலாற்றில் திடீரென்று அக்கறை வந்தவனாய்ப் பின்னாலேயே போனான்.

இரண்டு அம்மாக்களும் துடித்துப்போனார்கள். கூப்பிடவும் முடியாது, போய் இழுத்து வரவும் முடியாது. அக்கா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "நீ போ. உனக்குத்தான் சாவு கீவுனு எழுதிப் பழக்கம்."

உள்ளே அமைதி. அலங்கார எழுத்துகள் செதுக்கிய பெரிய பெரிய கற்பலகைகள். கோபுரம்போல் கூர்ந்த கல்லறைகள். கடல் தெரியாது, ஆனால் காற்றில் உப்பும் காயும் மீனும் இருந்தன. இவ்வளவு தூரம் கப்பலில் வந்து, துணி வாங்கி, மிளகு விற்று, காய்ச்சலில் செத்து, இந்த மணலில் படுத்துக்கொண்டு, கடைசியில் எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது அவர்கள் தலையெழுத்து. கைடு கேமராக்காரர்களோடு அந்தக் கோடியில் இருந்தார். நான் இந்தக் கோடியில் ஒரு கல்லைப் படிப்பதுபோல் நின்றேன். டச்சு மொழி எனக்குத் தெரியாது என்பது அந்த இருவருக்கும் தெரியும், ஆனாலும் மரியாதைக்கு நம்பினார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள். "கல்யாணம் ஆனாலும் நான் வேலைக்குப் போவேன். ஷிஃப்ட்டு வேலை. கம்பெனி பஸ்ஸு இருட்டுலயே வரும். உங்களுக்குச் சரியா?"

பையன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். அது எனக்குப் பிடித்தது.

"எனக்குச் சரிங்க. எங்க அம்மா ஒத்துக்க மாட்டாங்க."

"நான் உங்க அம்மாவையா கட்டிக்கப் போறேன்?"

"எங்க ஊட்ல மொதல்ல அம்மாவத்தான் கட்டிக்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஒரு கல்லறையின் விளிம்பில் உட்காரப் போய், சட்டென்று எழுந்து நின்றான்.

"பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல. நான் பேசிப் பாப்பேன். ஆனா ஜெயிப்பேன்னு சொல்ல முடியாது. நீங்க வேணாம்னா எங்க அம்மா ஊரு பூரா சொல்லிக்கினு திரிவாங்க. நான் வேணாம்னா உங்க ஊட்ல மனசு நோவும். பேசாம இந்த எடத்து மேல பழிய போட்ருவோம். சுடுகாட்டுல பாத்த பொண்ணு, சகுனம் சரியில்ல. முடிஞ்சுது."

"செத்தவன் மேல போடறதா?"

"அவன் இன்னா வந்து கேக்கவா போறான்?"

மறுபடி சிரித்தார்கள். இந்த இரண்டாவது சிரிப்புதான் பேஜாராய்ப் போயிற்று. வேண்டாம் என்று பேசி முடித்த இருவர் அப்படிச் சிரிக்கக் கூடாது. ஒரு பெண்ணும் பையனும் பிரிவதற்கு இவ்வளவு ஒற்றுமையாய்த் திட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் வெளியே வந்தபோது திட்டம் செத்துக் கிடந்தது. இரண்டு வேப்பமர நிழலிலிருந்தும் இரண்டு அம்மாக்களும் ஒரே தரகருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அக்கா பேசியபோது அந்த அம்மாவுக்கு லைன் பிசி. அந்த அம்மா பேசியபோது அக்காவுக்கு லைன் பிசி. பத்தடி இடைவெளியில் நின்றுகொண்டு, "யார்கிட்டதான் இப்படிப் பேசிக்கினே கீறாரோ" என்று இருவரும் தனித்தனியாகச் சலித்துக்கொண்டார்களாம். தரகர் அனுபவசாலி. இருவருக்கும் ஒரே தீர்ப்பு சொன்னார்: "தீட்டு பங்காளிக்குத்தாம்மா. டச்சுக்காரன் இன்னா உங்க பங்காளியா? தலைல தண்ணி தெளிச்சிக்கினு போயிக்கினே இருங்க. ஜாதகம் ஒம்போது பொருத்தம்."

ஆக, இரண்டு பட்டுப்புடவைகளும் ஏரிக்கரைக்கு நடந்தன. முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, தலையில் தெளித்துக்கொண்டன. வலையிலிருந்து நண்டு கழித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "இன்னாம்மா, பட்டு கட்டிக்கினு நண்டு புடிக்க வந்தீங்களா?" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா அதையும் தீட்டுக் கழிவதன் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டாள். கரையேறியபோது இரண்டு அம்மாக்களின் முகமும் தெளிந்திருந்தது. இறால் வறுவலோடு நன்றாகச் சாப்பிட்டார்கள். அக்கா என் காதில், "ஆவணில வெச்சுக்கலாமாம், தரகர் சொல்றாரு" என்றாள்.

"பொண்ணோட வேலை?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்டா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் அதைக் கேட்டாள். பாதிச் சோற்றோடு கை கழுவப் போனாள்.

திரும்பும் வழியில், பொன்னேரி தாண்டியதும், கைடு மறுபடி எழுந்து நின்றார். நாளின் முடிவில் ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்ல வேண்டும். கேமராக்காரர் இறால் வறுவல் என்றார். அவர் மனைவி பாத்ரூம் சுத்தமாயிருந்தது என்றார். மைக் அக்கா மகளிடம் வந்தது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாமே நல்லா இருந்துச்சு சார். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நான் கும்முடிப்பூண்டியில வேலை செய்யறேன். ஷிஃப்ட்டு. கல்யாணம் ஆனாலும் போவேன், கொழந்த பொறந்தாலும் போவேன். அப்புறம் பாத்துக்கலாம்னு யாரும் நெனைக்க வேணாம். அதுக்குச் சரின்னா சரி. இல்லன்னா இல்ல. அவ்ளோதான்."

கைடு கைதட்டினார். "சூப்பர் மேடம். ஷிஃப்ட் இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, நாங்க டூர் தேதிய மாத்தித் தரோம்."

அக்கா என் தொடையைக் கிள்ளினாள். அவளால் வேறெதுவும் செய்ய முடியாது. எழுந்து மகளை அடக்கினால், எதற்கு அடக்குகிறாள் என்று வேனுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தார் எழுந்து கேட்டால், நீங்கள் யார் கேட்க என்று வரும். நாங்களே போட்ட பூட்டில் நாங்கள் எல்லாரும் உள்ளே.

மைக் பச்சைப் பட்டு அம்மாவிடம் போனது. அவர் அதைக் கதிர் அரிவாள் மாதிரிப் பிடித்துக்கொண்டார்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம்."

கைடின் முகம் மலர்ந்தது. நாள் முழுவதும் யாரும் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்கவில்லை.

"அந்த டச்சுக்காரன் ஊட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போனாங்களா?"

"அருமையான கேள்விம்மா." அவருக்குத் தெரியவில்லை என்பது கண்ணாடி மாதிரி தெரிந்தது. "துணி வியாபாரம், கெடங்குன்னு பெரிய தொழில் நடந்த ஊரு. போயிருக்க வாய்ப்பிருக்கு."

"அப்போ காலைல அடுப்ப யாரு பத்த வெச்சது?"

"அது பத்தி இன்னும் ஆராய்ச்சி நடக்குது..."

"மாமியாக்காரிய பத்த வெக்க சொன்னாங்களா?"

அக்கா மகள் மைக் இல்லாமலே பேசினாள். "மாமியார எழுப்ப மாட்டாங்கன்னு சொல்லுங்க சார். முந்தின நாளே மாவு அரைச்சு வெச்சுட்டுத்தான் போவாங்க. மாமியாருக்கு ஒடம்பு முடியலன்னா லீவும் போடுவாங்க. ஆனா வேலைய உட மாட்டாங்க."

"மேடத்துக்கு இந்தக் காலகட்டத்துல நல்ல ஈடுபாடு" என்றார் கைடு வேனைப் பார்த்து.

அப்போது பையன் எழுந்தான். காது சிவந்திருந்தது. அவனும் கைடையே பார்த்துப் பேசினான். "டச்சுக்காரனுக்குக் கை இல்லயா சார்? அவனே பத்த வெச்சிருப்பான்."

வேன் சிரித்தது. அவன் அம்மா மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தார்.

"உனக்கு எப்பிட்ரா தெரியும்?"

"கல்லுல எழுதியிருந்துச்சும்மா. நான் உள்ள போயி பாத்தேன்."

கைடு பதறிப்போய்க் கையிலிருந்த தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். அந்த அம்மா மைக்கை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பையன் நின்றபடியே இருந்தான், உட்காரலாமா என்று தெரியாமல். அக்கா மகள் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுவாயல் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வேன் மாட்டிக்கொண்டது. ஏசி எப்போதோ நின்றுபோய், எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. புழுதி உள்ளே வந்தது. பிறகு அந்த அம்மா, காலையிலிருந்து ஒரு தடவைகூடப் பார்க்காத என் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துங்க. பொண்ணு மேல தூசி அடிக்குது."

கைடு தாளிலிருந்து தலை தூக்கினார். "நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே பழக்கமாம்மா?"

அக்கா எழுந்து, இறுகிப்போன அந்தக் கண்ணாடியை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்" என்றாள். "இப்பத்தான்."